சோற்றை வெறுக்கும் நோயும் கெட்டமைன் ஊசியும்

நமது கொங்கு நாட்டில் ஒரு வீட்டில் வயது வந்த பெண் ஒருத்தி சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு நாளுக்கு நாள் எலும்பும் தோலுமாய் இளைத்துக் கொண்டு வந்தாலும், அல்லது நன்றாய்த் தறி ஓட்டிக் கொண்டோ, தோட்டம் பார்த்துக் கொண்டோ இருந்த ஓர் ஆண்பிள்ளை மாதக் கணக்காய் வேலைக்குப் போகாமல், யாரிடமும் வாய் திறவாமல், தூக்கமும் இல்லாமல் திண்ணையிலேயே கிடந்தாலும், வீட்டாரும் ஊராரும் முதன்முதலாகச் செய்கிற காரியம் என்ன என்பதை நமது வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "காத்துக் கருப்பு அண்டியிருக்குது" என்பார் ஒருவர். "பங்காளி செய்வினை வைத்துவிட்டான்" என்பார் இன்னொருவர். "குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாத குற்றம்" என்பார் மூன்றாமவர். பிறகு உடுக்கை அடிக்கிறவனுக்கும், குறி சொல்லுகிறவளுக்கும், கயிறு மந்திரிக்கிறவனுக்கும் நல்ல வேட்டைதான். கோழி போகும், கிடாய் போகும், கடைசியாய்க் கழுத்துச் சங்கிலியும் அடகுக்குப் போகும். நோய் மாத்திரம் போகாது.

இப்படிப்பட்ட நாட்டில் இப்பொழுது கெட்டமைன் என்னும் மருந்தைப் பற்றிய பேச்சு கிளம்பியிருக்கின்றது. எந்த மாத்திரைக்கும் அசையாத மனச்சோர்வை அது சில மணி நேரத்தில் நீக்கிவிடுகின்றதென்றும், சோற்றை வெறுக்கும் நோய்க்கும் அதுவே கைகண்ட மருந்தென்றும் சிலர் சொல்லுகின்றார்கள். அது வெறும் போதைச் சரக்கு, கிட்டவே போகக் கூடாது என்று வேறு சிலர் பயமுறுத்துகின்றார்கள். இவ்விரண்டு கூச்சலுக்கும் நடுவில் அகப்பட்டுத் திண்டாடுகிறவர்கள் நோயாளியும் அவரைப் பெற்றவர்களுமேயாவார்கள். ஆகையால் மதத்தையும் மந்திரத்தையும் நாம் எந்தத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்து வந்தோமோ, அதே தராசில் இந்த மருந்தையும் வைத்துப் பார்த்து, கண்டதை ஒளிக்காமல் சொல்ல வேண்டியது நமது கடமையென்று கருதுகின்றோம்.

முதலாவது, மனச்சோர்வு என்பது சோம்பேறித்தனமும் அல்ல. முன் ஜன்மப் பாவமும் அல்ல. காய்ச்சலும் நீரிழிவும் உடம்பின் நோயாயிருப்பது போலவே இது மூளையைப் பற்றிய நோயாகும். நமது நாட்டில் 2015-16ல் நடத்தப்பட்ட தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வு முதலிய சாதாரணமாய்க் காணும் மனநோய்களை உடையவர்களில் 100க்கு 85 பேர் அளவில் யாதொரு வைத்தியமும் பெறவில்லையென்று தெரிய வந்தது. 2022ம் வருஷத்திய அரசாங்கக் கணக்குப்படி தற்கொலையால் மாண்டவர்களின் தொகையில் நமது தமிழ்நாடு 19,834 பேருடன் இந்தியாவில் இரண்டாவது இடத்தில் நின்றது. கோயில் இல்லாத ஊரில்லை என்று பெருமை பேசும் நாட்டில், அத்தனை கோயிலும் அத்தனை சாமியும் சேர்ந்து இந்த 19,834 பேரில் எத்தனை பேரைத் தடுத்தன என்று கேட்கின்றோம்.

இரண்டாவது, சோற்றை வெறுக்கும் நோய். இதை மேல்நாட்டு வைத்தியர்கள் அனோரெக்சியா என்கிறார்கள். 1870களில் வில்லியம் கல் என்னும் ஆங்கில வைத்தியர் இதற்கு இந்தப் பெயரை வைத்தார். "சோறு கிடைக்காமல் சாகிறவர்கள் உள்ள நாட்டில் சோற்றை வேண்டாமென்று சாகிற நோயா?" என்று நமது தோழர்களில் சிலர் சிரிக்கக் கூடும். சிரிக்க இடமில்லை. 1990களில் சென்னையில் வைத்தியக் கல்லூரி மாணவர் 210 பேரைச் சோதித்தபொழுது, அவர்களில் 31 பேர், முழு நோய் என்று சொல்லும் அளவுக்கு இல்லாவிட்டாலும், தங்கள் சாப்பாட்டையும் உடல் எடையையும் பற்றி மனவேதனைப்பட்டுக் கொண்டிருந்ததாகக் கண்டார்கள். 2025 மார்ச்சு மாதத்தில், நமது பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் கேரள தேசத்தில், உடம்பு பெருத்துவிடும் என்ற பயத்தில் மாதக் கணக்காய்ச் சாப்பாட்டைக் குறைத்துக் கொண்டே வந்த ஓர் இளம்பெண் ஆஸ்பத்திரியில் மாண்ட செய்தியைப் பத்திரிகைகளில் யாவரும் படித்தோம். பெண் பார்க்க வருகிறவன் "பெண் கொஞ்சம் குண்டு" என்று சொல்லிவிட்டுப் போகிறதும், கைப்பேசியிலும் சினிமாவிலும் ஒல்லி உடம்பையே அழகென்று காட்டுகிறதும் ஒரு குழந்தையின் மனதில் என்ன வேலை செய்யுமென்று பெற்றவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இந்த நோய்க்கு மதம் செய்கின்ற உபகாரம் என்ன? பட்டினி கிடப்பதைப் புண்ணியமென்று சொல்லிக் கொடுத்திருப்பதுதான். இத்தாலி தேசத்தில் சியன்னா நகரத்துக் கேத்தரின் என்ற கிறிஸ்தவப் பெண்மணி வரவரச் சாப்பாட்டை விட்டு 1380ல் 33வது வயதில் மாண்டார்; 1461ல் அவரைப் புனிதர் ஆக்கினார்கள். வேல்ஸ் நாட்டில் சாரா ஜேக்கப் என்ற 12 வயதுக் குழந்தை ஒன்றும் சாப்பிடாமலே உயிர் வாழ்கிறாள் என்று பெற்றோர் சொல்ல, ஜனங்கள் அதிசயமென்று கூட்டங்கூட்டமாய் வந்து காணிக்கை வைத்தார்கள். உண்மையைக் கண்டுபிடிக்க லண்டனிலிருந்து தாதிகள் வந்து இரவும் பகலும் காவலிருந்த உடனே, திருட்டுத்தனமாய்க் கிடைத்து வந்த ஆகாரமும் நின்று, சில நாளில், 1869 டிசம்பர் 17ந் தேதி அக்குழந்தை செத்துப் போயிற்று. பெற்றோர் ஜெயிலுக்குப் போனார்கள். இது பழங்கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 2016 அக்டோபரில், நமது ஐதராபாத் நகரத்தில், ஒரு ஜைனக் குடும்பத்தில் 13 வயதுப் பெண் 68 நாள் உபவாசம் இருந்து முடித்த சில நாளில் உயிரை விட்டாள். அவளைப் பால தபஸ்வி என்று கொண்டாடி ஊர்வலம் நடத்தினார்கள். ஊர்வலத்தில் வந்தவர்களில் ஒருவருக்காவது இக்குழந்தையை வைத்தியரிடம் காட்டலாமே என்று தோன்றவில்லை!

இவைகளை எடுத்துக் காட்டுவது ஒரு மதத்தைத் தாழ்த்தி இன்னொரு மதத்தை உயர்த்துவதற்கல்ல. நமது வீட்டுப் பெண்கள் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும், சஷ்டிக்கும் ஏகாதசிக்கும், புருஷன் ஆயுளுக்கும் பிள்ளை வரத்துக்கும் பட்டினி கிடப்பதையும், பட்டினி இல்லாத நாளிலும் எல்லோரும் தின்ற பிறகு மிஞ்சியதைத் தின்பதையும் கற்பு என்றும் பக்தி என்றும் நாம் புகழ்ந்து கொண்டுதானே இருக்கின்றோம்? விரதம் இருக்கிறவர்கள் எல்லாரும் நோயாளிகள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் நோயாய்ப் பட்டினி கிடக்கிற பெண்ணுக்கு அந்தப் பட்டினியை மறைத்துக் கொள்ள இதைவிட நல்ல போர்வை வேறு கிடைக்குமா? தாயாரும் சந்தேகப்படாமல், "என் மகளுக்கு எவ்வளவு பக்தி" என்று பெருமையல்லவா கொள்ளுவாள்?

இனி, பைத்தியமென்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கு மதஸ்தலங்களின் பேரால் நடந்ததைப் பார்ப்போம். இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவின் மகிமையால் குணமாகும் என்று நம்பிக் கொண்டுவரப்பட்ட மனநோயாளிகளைத் தனியார் சிலர் கீற்றுக் கொட்டகைகளில் வைத்துப் பணம் வாங்கிக் கொண்டிருந்தார்கள். 2001 ஆகஸ்டு 6ந் தேதி விடியற்காலையில் அப்படிப்பட்ட கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓடித் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டு போய் விட்டவர்கள் கெட்டவர்களல்ல. பெற்ற தாய் தகப்பனும் கூடப்பிறந்தவர்களுமேயாவார்கள். நோயை நோயென்று அறியாத ஒரே குற்றந்தான் அந்தச் சங்கிலியைப் பூட்டிற்று.

நிற்க, நமது எதிர்க்கட்சியார் ஓர் ஆட்சேபணை சொல்லக் கூடும். தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கிய மனநோயாளிகளை வைத்தியர்களே சோதித்து, குணம் கண்டதாக 2002ல் ஆங்கில வைத்தியப் பத்திரிகை ஒன்றில் எழுதியிருக்கிறார்களே என்பார்கள். வாஸ்தவந்தான், நாம் மறைக்கவில்லை. 31 பேர் சராசரி ஆறு வாரம் அங்கே தங்கினார்கள். அவர்களுடைய நோயின் அளவு 100க்கு 20 பங்கு வரையில் குறைந்தது. ஆனால் அங்கே நடந்தது என்ன? கூட இருக்கச் சொந்தக்காரர் இருந்தார், தங்க இடமும், செய்யச் சிறு வேலையும், அன்பான பேச்சும் இருந்தன. ஆராய்ந்தவர்களும் அந்த ஆதரவான சூழ்நிலையையே காரணமாகச் சொன்னார்கள். அன்பும் ஆதரவும் குணந் தருமென்றால் அவைகளை வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் கொடுப்பதற்குச் சாமியின் உத்தரவு எதற்கு?

இனிக் கெட்டமைனுக்கு வருவோம். இது வானத்திலிருந்து இறங்கி வந்ததல்ல. 1962ல் அமெரிக்காவில் கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற இரசாயன நிபுணர் இதைச் செய்தார். 1964ல் முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1970ல், அறுவைச் சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும் மருந்தாக அந்நாட்டு அரசாங்கம் அனுமதித்தது. மூச்சை அவ்வளவாக அமுக்காது என்பதாலும், பெரிய யந்திரங்கள் இல்லாத இடத்திலும் உபயோகிக்கலாம் என்பதாலும், ஏழை நாடுகளின் சிறு ஆஸ்பத்திரிகளில் இது பெரிய உபகாரம் செய்து வருகின்றது. உலக சுகாதார நிறுவனம் 1985 முதல் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் வைத்திருக்கின்றது.

இந்த மயக்க மருந்தைச் சிறிய அளவில் கொடுத்தால் மனச்சோர்வு தணிகின்றதென்பதை 2000த்தில் யேல் சர்வகலாசாலையார் ஏழெட்டு நோயாளிகளிடமும், 2006ல் அமெரிக்க மனநல நிலையத்தார் மற்றொரு சிறு கூட்டத்தினிடமும் சோதித்து வெளியிட்டார்கள். வழக்கமாய்ச் சோதனைகளில் கொடுப்பது கிலோ எடைக்கு அரை மில்லிகிராம், 40 நிமிஷ நேரத்தில் நரம்பு வழியாய்ச் சொட்டுச் சொட்டாய் ஏற்றுவதாகும். சாதாரண மாத்திரைகள் வேலை செய்ய வாரக் கணக்காகும். இதுவோ ஒரு நாளைக்குள் பலன் காட்டுகின்றது. மூளையில் குளூட்டமேட் என்னும் பொருளை வாங்கிக் கொள்ளும் வாசல்களில் ஒன்றை இது அடைப்பதிலிருந்து இந்தப் பலன் துவங்குகிறதென்று எண்ணுகிறார்கள். முழு விபரம் இன்னும் ஆராய்ச்சியில் இருக்கின்றது. ஆனால் ஒரு தடவை ஏற்றியதன் பலன் சில நாள் முதல் ஒரு வாரம் வரையில்தான் பெரும்பாலும் நிற்கும். ஆகையால் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டியதாகின்றது. இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், சரியான காலம் வரையில் சாப்பிட்டும் குணமாகாதவர்களையே பிடிவாத மனச்சோர்வு உடையவர்கள் என்கிறார்கள். இந்த மருந்தைப் பற்றிய பேச்சு முக்கியமாய் அவர்களைப் பற்றியதேயொழிய, ஒரு வாரம் மாத்திரை தின்று நிறுத்தி விட்டவர்களைப் பற்றியதல்ல.

சோற்றை வெறுக்கும் நோய்க்கு இதன் யோக்கியதை என்ன? 1998ல் இங்கிலாந்து தேசத்துக் கேம்பிரிட்ஜ் வைத்தியர்கள், நெடுநாளாய் இந்நோயால் வருந்தி வந்த 15 பேருக்கு இதை ஏற்றி, 9 பேர் நல்ல பலன் அடைந்ததாக எழுதினார்கள். மருந்து கொடுக்காத மற்றொரு கூட்டத்தை வைத்து அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அதன் பிறகு வந்தவைகளும் சிறு சிறு சோதனைகளும் தனி நோயாளிகளின் விபரங்களுமேயாகும். எனவே இது ஒரு நம்பிக்கைக்கு இடமே தவிர, ருசுவான மருந்து ஆகாது. அனோரெக்சியாவுக்கென்று அமெரிக்க மருந்து இலாகா அனுமதித்த மருந்து ஒன்றுகூட இல்லை. இன்றைக்கும் அந்நோய்க்கு முதல் சிகிச்சை, வைத்தியர் மேற்பார்வையில் ஆகாரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாய்க் கூட்டி எடையைத் திரும்பக் கொண்டு வருவதும், குடும்பத்தையும் கூட வைத்துக் கொண்டு பேச்சினால் செய்யும் சிகிச்சையுமேயாகும். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குப் பாசத்தினால் ஒரேயடியாய் வயிறு முட்ட ஊட்டினால் இரத்தத்தின் உப்புகள் நிலை தடுமாறி இருதயமே நின்றுவிடக் கூடும் என்பதையும் தாய்மார்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

இவ்விடத்தில் பகுத்தறிவுக்காரர்கள் விசேஷமாய்க் கவனிக்க வேண்டிய சேதி ஒன்று உண்டு. 2023ல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு வைத்தியர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். மனச்சோர்வு உடையவர்களில், வேறு காரணத்துக்காக அறுவைச் சிகிச்சைக்கு வந்த 40 பேரை எடுத்துக் கொண்டு, அவர்கள் முழு மயக்கத்தில் இருக்கையில் பாதிப் பேருக்குக் கெட்டமைனையும், பாதிப் பேருக்கு வெறும் உப்பு நீரையும் ஏற்றினார்கள். யாருக்கு எது ஏறிற்றென்று நோயாளிக்குத் தெரியாது. முடிவில் இரு கூட்டத்தாருக்கும் சரிசமமாகவே மனச்சோர்வு வெகுவாய்க் குறைந்தது! தனக்கு மருந்து ஏறியிருக்குமென்று நினைத்தவர்களே அதிகமாய்க் குணமடைந்தார்கள். அதாவது இந்த மருந்தின் பலனில் ஒரு பங்கு நம்பிக்கையின் பலனாய் இருக்கலாம் என்று ஏற்பட்டது. அதே 2023ல் 403 பேரைச் சேர்த்துச் செய்த மற்றொரு பெரிய சோதனையில், கெட்டமைன் ஏற்றியவர்களில் 100க்கு 55 பேரும், மின் அதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவர்களில் 100க்கு 41 பேரும் பலன் கண்டார்கள். அதில் இன்னதுதான் தனக்குக் கொடுக்கப்படுகிறதென்று நோயாளிக்குத் தெரியும்.

இதைக் கேட்டு, "பார்த்தாயா, விஞ்ஞானமும் நம்பிக்கைதான்" என்று வைதீகர்கள் கைதட்ட வேண்டாம். தனது மருந்தைத் தானே சந்தேகித்து, உப்பு நீரை எதிரில் வைத்துச் சோதித்து, தனக்குப் பாதகமான முடிவையும் பத்து பேர் அறிய அச்சுப் போடுகிறவன் விஞ்ஞானி. எந்தப் பூசாரியாவது நூறு நோயாளிகளைக் கூட்டி, ஐம்பது பேருக்கு மந்திரித்த விபூதியும், ஐம்பது பேருக்கு அடுப்புச் சாம்பலும் யாருக்கு எது என்று தெரியாமல் கொடுத்து, முடிவை ஊரறியச் சொல்லியிருக்கின்றாரா? சொல்ல முன்வருவாரானால் அவர் விலாசத்தை நமது பத்திரிகையில் இலவசமாகவே பிரசுரிக்கத் தயாராயிருக்கின்றோம்.

ஆனால் விபூதிக்கு இடங்கொடாத மூளை, வெள்ளைக் கோட்டுக்கு மாத்திரம் அடிமையாகிவிடவுங் கூடாது. கெட்டமைன் பழைய மருந்து, யார் வேண்டுமானாலும் செய்யலாம், விலை மலிவு. ஆகவே அதில் பெரிய இலாபமில்லை. கெட்டமைன் என்பது வலக்கையும் இடக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு பாதிகள் கலந்தது. அதில் ஒரு பாதியை மட்டும் பிரித்து, எஸ்கெட்டமைன் என்று பெயரிட்டு, மூக்கில் பீய்ச்சும் மருந்தாக்கி, 2019ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கினார்கள். ஒரு வேளை மருந்து பல நூறு டாலராயிற்று. அந்நாட்டில் அதையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை. மருத்துவர் முன்னிலையில் எடுத்துக் கொண்டு இரண்டு மணி நேரம் அங்கேயே கண்காணிப்பில் இருக்க வேண்டும். காரணம், இரத்தக் கொதிப்பு ஏறும், குமட்டும், உடம்பு வேறு தான் வேறாகப் பிரிந்தது போல் சிறிது நேரம் தோன்றும். சிலருக்கு அந்த நிலையே ருசியாகிப் பழக்கமாய்விடும். அப்படிப் பழகினவர்களின் மூத்திரப்பை கெட்டுப் போகின்றது. 2023 அக்டோபரில் மேத்யூ பெர்ரி என்ற அமெரிக்க நடிகர் இந்த மருந்தின் வேகத்தினாலேயே மாண்டார். சட்ட விரோதமாய் நடந்த அந்த மருந்து விநியோகத்தில் இரண்டு டாக்டர்கள் குற்றத்தை ஒப்புக் கொண்டார்கள். பணத்தாசை பூசாரிக்கு மாத்திரம் சொந்தமானதல்ல என்பதற்கு இதைவிட வேறு ருசு வேண்டுமா?

நமது நாட்டிலும் 2011 முதல் இது போதை மருந்துச் சட்டத்தின் கீழும், 2013 முடிவிலிருந்து மருந்துச் சட்டத்தின் கடுமையான எக்ஸ் அட்டவணையிலும் இருக்கின்றது. வைத்தியர் சீட்டு இரண்டு பிரதியாய் இருக்க வேண்டும். ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும். எனவே சீட்டில்லாமல் யாராவது இதை விற்கவோ, வீட்டில் வந்து ஏற்றவோ முன்வந்தால், அவரும் தாயத்து விற்கிறவரும் ஒரே ஜாதியார் என்று தெரிந்து கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுப்பதாய்ச் சொன்னாலும் நான்கு கேள்விகளைக் கூசாமல் கேளுங்கள். இதற்கு முன் என்னென்ன மருந்து, எவ்வளவு காலம் கொடுத்துப் பார்த்தாயிற்று? ஏற்றும்பொழுது இரத்தக் கொதிப்பையும் மூச்சையும் கவனிக்க யார் இருப்பார்? பலன் நின்று போனால் அடுத்தபடி என்ன? மொத்தச் செலவு எவ்வளவு? கோபித்துக் கொள்ளாமல் பதில் சொல்லுகிறவரே வைத்தியர்.

இது ஒருபுறமிருக்க, தறிக்காரனுக்குக் கூலி உயராமலும், குடியானவனுக்குக் கடன் தீராமலும், ஆலை விடுதியில் அடைபட்ட பெண்ணுக்கு வெளிக்காற்று இல்லாமலும் இருக்கையில் ஊசி மாத்திரம் என்ன செய்யும் என்று கேட்கும் தோழர்களும் உண்டு. கேள்வி நியாயமே. கூலிக்கும் கடனுக்கும் சண்டை போட வேண்டியதுதான். ஆனால் கிணற்றில் விழுந்தவனை முதலில் தூக்கிவிட்டு, பிறகல்லவா கிணற்றுக்குச் சுவர் எழுப்ப வேண்டும்?

சட்டம் இப்பொழுது நோயாளியின் பக்கம் இருக்கின்றது. 2017ம் வருஷத்திய மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதத்தில் அமுலுக்கு வந்தது. அதன்படி மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது; உயிரை மாய்த்துக் கொள்ள முயன்றவரைக் கடும் மனவேதனையில் இருந்தவராகவே கருத வேண்டும்; உடல் நோய்க்குப் போலவே மன நோய்க்கும் இன்சூரன்சு கொடுக்க வேண்டும். கோயமுத்தூர் அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவு இருக்கின்றது. 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் செலவில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

ஆகவே நமது வாசகர்களைக் கேட்டுக் கொள்ளுவதெல்லாம் இதுதான். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் சோற்றை ஒதுக்கினாலும், வாழ்க்கையையே ஒதுக்கினாலும், கிடாய் வாங்கச் சந்தைக்குப் போகாதீர்கள். பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொடுத்த மருந்தைச் சொன்ன காலம் வரையில் சாப்பிடச் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் கெட்டமைன் என்றும், மின் சிகிச்சை என்றும் இன்னும் வழியிருக்கிறதென்று நோயாளிக்குச் சொல்லுங்கள். ஆனால் எதையும் அதிசயமென்று சொல்லி ஏமாற்றாதீர்கள். முக்கியமாய், "எனக்கு முடியவில்லை" என்று அவர் சொல்லும்பொழுது நடிப்பென்றும் பேயென்றும் சொல்லாமல், அதை நம்புங்கள். அடுத்த அமாவாசைக்குக் குறி கேட்கப் போக முடிவு செய்து வைத்திருக்கும் குடும்பம் எதுவாகிலும் உங்கள் ஊரில் இருந்தால், இந்தப் பத்திரிகையை அவர்களுக்குப் படித்துக் காட்டிவிட்டு, துணைக்கு நீங்களே ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய் வர வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகின்றோம்.